இல்லாத ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள்? கணித்துச் சொன்னவருக்கு நோபல் பரிசு!

வணக்கம் நண்பர்களே! ஒரு ரயில் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றது அதிகாரபூர்வக் கணிப்பு. இல்லை, 6.3தான் என்றார் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். ஓடிய பிறகு எண்ணினார்கள்: 6.2! எப்படிச் சொன்னார்? சொல்கிறேன், அதற்குள் சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள்.

இந்தக் கேள்வி நமக்கும் வந்ததுதான். மொரிசியஸில் பயணிகள் ரயில் 1956-இலேயே நின்றுபோனது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் ஓடத் தொடங்கியது 2020-இல். நடுவில் டிக்கெட் கணக்கே கிடையாது. எதை வைத்துக் கணிப்பது?

பாடப்புத்தக வழியை வேகமாக முடித்துவிடுகிறேன். ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எந்த வண்டியில், எந்தச் சாலையில் என்று நான்கு படியாகக் கணக்கிடுவார்கள். 1950களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் வளர்ந்த முறை. போதும். ருசியெல்லாம் மூன்றாவது படியில்தான், அதாவது எந்த வண்டி என்பதில்.

சான் பிரான்சிஸ்கோவின் பார்ட் ரயிலுக்காக அந்தப் படியைப் பிரித்து மேய்ந்தவர் டேனியல் மெக்ஃபேடன். முதலில் சொன்ன அந்தப் பேராசிரியர் இவர்தான். 2000-இல் நோபல் வாங்கினார். பகுதியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். இன்று காரா, பஸ்ஸா? என்ன செலவு, எவ்வளவு நேரம்? பதில்களிலிருந்து, ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசுக்கும் மக்கள் தரும் மதிப்பைக் கறந்தெடுத்தார். அந்த மதிப்பில் வரப்போகும் ரயிலின் நேரத்தையும் கட்டணத்தையும் போட்டுப் பார்த்து, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணித்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: உட்கார்ந்து போகும் 10 நிமிடமும் நிறுத்தத்தில் காத்து நிற்கும் 10 நிமிடமும் ஒன்றல்ல. காத்திருப்பைக் கிட்டத்தட்ட இரு மடங்காக எடுத்துக்கொள்வது இந்தத் துறையின் வழக்கம்.

(திரையில்: கியூர்பிப், பஸ் நிறுத்தம், மழை)

கியூர்பிப் தூறலில் குடையில்லாமல் நின்றவரிடம் கேளுங்கள், இரண்டு மடங்கு என்றால் சண்டைக்கே வருவார்! நம் மாணவர்களுக்கும் முதியோருக்கும் 2005 முதல் பஸ் இலவசம் வேறு. கட்டணம் பூஜ்யம் என்றால், அவர்களைப் பொறுத்தவரை நடையும் காத்திருப்பும்தானே பஸ்ஸின் விலை?

ஆனால் அந்த 6.2-ஐப் பார்த்து அசந்துவிடாதீர்கள். அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்று மெக்ஃபேடனே எழுதியிருக்கிறார். நிலையத்துக்கு நடந்தே வருவோரைக் கூடுதலாக எதிர்பார்த்துவிட்டார். மொத்தம் மட்டும் பொருந்திப்போனது.

அப்புறம், இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் சாதாரண வேலைநாளுக்குத்தான். காவடி அன்று கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்கு நீங்கள் எப்படிப் போகிறீர்கள்? காரா, பஸ்ஸா, இல்லை மெட்ரோவில் காத்ர் போர்ன் வந்து இறங்கி நடையா? கமெண்டில் போடுங்கள்.