சத்தம் எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கார் மெக்கானிக் செட்டு வைத்திருக்கிறேன். "வண்டியில ஒரு சத்தம் வருதுங்க" என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். என்ன சத்தம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி வாயால் செய்து காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியம், அது எப்போது வருகிறது என்பதுதான். திரும்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? அதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் செட்டு வாசலுக்கு வந்ததும் அந்தச் சத்தம் கப்சிப் ஆகிவிடும்.

முதலில் பாட்டை நிறுத்துங்கள். வானொலியில் வந்து இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். அப்புறம் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் இஞ்சின் பக்கம். ஓடினால்தான் வருகிறது என்றால் பெரும்பாலும் சக்கரம், ஆக்சில், பிரேக் பக்கம்.

பெங்களூர் ரோட்டில் அறுபது எழுபதில் போகும்போது 'ஊம்' என்று ஒரு இரைச்சல் வரும், வேகம் கூடக் கூட ஏறும். சக்கரத்தை லேசாகச் சுழல விடும் வீல் பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் டயர் என்று நினைக்கலாம். பேரிங் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறாது, வளைவைப் பார்த்து மாறும். வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தில் விழுகிறது. அப்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயிண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஏலகிரி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் 'டொக்'. வேறொரு இடத்தில் ஆக்சிலையே மாற்றிவிட்டார்களாம், சத்தம் போகவில்லை. நானும் கூடவே போனேன். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது, சத்தம் பின்னாலிருந்து வருகிறது. டிக்கியைத் திறந்தால் ஜாக்கி கட்டில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. ஒரு பழைய துணியைச் சுற்றி இறுக்கினேன், அவ்வளவுதான். வாத்தியார் சிரிக்கவில்லை, செலவழித்தவர் அவர்தானே.

மலை ஏறும்போது பெரிய கியரிலேயே இழுத்தால் பெட்ரோல் வண்டியில் 'கடகட' என்று தட்டும். கியரைக் குறைத்ததும் நின்றுவிட்டால் வண்டி மேல் தப்பில்லை. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை நிறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் கல்லாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் உரசினால் டிஸ்க்கில் படிந்த துரு, தானே போய்விடும். விடாமல் 'கீச்' என்றால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு தேய்ந்துவிட்டது. பல வண்டிகளில் அதைச் சொல்வதற்கென்றே பேடில் ஒரு தகடு இருக்கும். இரும்போடு இரும்பு 'கர்ர்' என்று அரைத்தால் அந்த வண்டியை ஓட்டி வராதீர்கள், ஆளை அனுப்பச் சொல்லுங்கள்.

இஞ்சினில் 'டக டக' என்று தட்டி, கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், "ஆம்பூர் பக்கத்துலதானே, அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே இஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் இல்லாமல் ஓடும் இஞ்சினுக்கு ஆம்பூர் ரொம்ப தூரம்.