பொயின்டர் பூச்சியம் இல்லை, டிபக்கர் மட்டும் பூச்சியம் என்கிறது

[திரையில்: டெர்மினல், நடுவே ஜிடிபி]

வணக்கம். யாழ்ப்பாணத்தில் கம்பஸ் முடிக்கப்போகும் ஒரு தம்பி போன கிழமை லேப்டொப்போடு வந்தார். பஸ் தரிப்பிடங்களைப் பட்டியலிடும் சின்ன சி ப்ரோகிராம், லினக்ஸில் ஓடுவது. நல்லூர் என்று போட்டால் ஓடுகிறது. இணுவில், அதுவும் ஓடுகிறது. யாழ்ப்பாணம் என்று போட்டதும் செக்மெண்டேஷன் ஃபோல்ட்! அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் ப்ரோகிராம் நின்றுவிட்டது.

பிழை தேட உதவும் டிபக்கரான ஜிடிபியில், சிக்னலின் விவரம் தரும் சிக்இன்ஃபோவைப் பார்த்தால், பிழை நடந்த முகவரி 0. பொயின்டர் என்பது நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி, அதில் 0 இருந்தால் வெற்றுப் பொயின்டர். சரி, இதுவும் அதுதான் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? தம்பியும் அப்படித்தான் நினைத்தார். “அண்ணை, பூச்சியமோ எண்டு எல்லா இடத்திலயும் செக் பண்ணிப் போட்டன். ஒண்டும் பிடிபடேல்லை.”

பிடிபடாது. அந்த 0 பொயின்டரில் இருந்து வந்ததே இல்லை.

[திரையில்: இரண்டு பாதைகள், 14 மற்றும் 13]

இல்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டால் ப்ரொசெசர் 14ஆம் இலக்க எக்செப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை எழுப்பும். அதுதான் பேஜ் ஃபோல்ட். தொட்ட முகவரியை சிஆர்2 என்ற ரெஜிஸ்டரில், ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடத்தில், வைத்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை எடுத்து, ப்ரோகிராமுக்குப் போகும் சிக்னலோடு அனுப்பும், டிபக்கர் காட்டும். உண்மையான வெற்றுப் பொயின்டரும் இந்த வழியில்தான் வரும்.

ஆனால் இப்போதைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ரொசெசர்களில் வழக்கமாக முகவரிக்குப் பயன்படுவது 48 பிட்தான். 0இலிருந்து எண்ணினால் 47ஆம் பிட் எதுவோ, அதற்கு மேலுள்ள 16 பிட்டும் அதேதான் இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு குலைந்த முகவரியை ப்ரொசெசர் பக்க அட்டவணை வரைக்கும் கொண்டுபோகாது. வாசலிலேயே 13ஆம் இலக்க எக்செப்ஷன், ஜெனரல் ப்ரொடெக்ஷன். முகவரி எதுவும் சிஆர்2க்கு வராது. கையில் முகவரி இல்லாத கெர்னல் அதே செக்மெண்டேஷன் சிக்னலை அனுப்பி, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0 போட்டுவிடும். டிபக்கர் பாவம், கொடுத்ததைக் காட்டுகிறது.

இரண்டையும் பிரித்தறிய சிக்இன்ஃபோவிலேயே இன்னொரு எண் இருக்கிறது: எஸ்ஐ கோட். வெற்றுப் பொயின்டர் என்றால் வழக்கமாக 1. தம்பியின் திரையில் இருந்தது 128. அது “கெர்னல் அனுப்பியது” என்பதற்கான குறி, அவ்வளவுதான். 128ஐக் கண்டால் அந்த 0ஐ நம்பாதீர்கள்.

அப்புறம் என்ன செய்வது? எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் நின்றது, அது எந்த ரெஜிஸ்டர் வழியாக நினைவகத்தைத் தொட்டது என்று பாருங்கள். உண்மையான முகவரி அங்கேதான் கிடக்கும். தம்பியின் அடுத்த தரிப்பிடப் பொயின்டரை பைட் பைட்டாக எடுத்தோம்.

[திரையில்: 224 174 163 224 174 174 224 175]

எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 224 174 163 என்றால் ண. 224 174 174 என்றால் ம. கடைசி 224 175, மெய்யெழுத்துப் புள்ளியின் முதல் இரண்டு பைட்டுகள். ஊர்ப் பெயரின் வால் பொயின்டருக்குள் குந்தியிருக்கிறது!

பெயருக்கு அவர் ஒதுக்கியது 24 பைட், அதை ஒட்டி அடுத்ததாக அந்தப் பொயின்டர். ஆறு எழுத்துத்தானே என்று நினைத்திருப்பார். யூனிகோடில் யாழ்ப்பாணம் 11 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33. பெயர் முடிந்தது என்று காட்டும் ஒரு பைட் முடிவுக் குறியோடு 34. நல்லூரும் இணுவிலும் 7 குறியீடுகள், 21 பைட், அதனால்தான் தப்பின. கோப்பாய் போட்டிருந்தால் சரியாக 24, முடிவுக் குறி மட்டும் வெளியே போய்ப் பொயின்டரின் முதல் பைட்டைத் துடைத்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது இதைவிடப் பெரிய தலையிடி.

இடத்தை 64 ஆக்கி, நகலெடுக்கும் வரியில், கொடுத்த அளவுக்கு மேல் எழுதாத எஸ்என்பிரின்ட்எஃப் போட்டு அளவையும் கொடுத்தோம். யாழ்ப்பாணம் ஓடியது. தெல்லிப்பழையும் ஓடியது.