கழுத்துக்குள் ஒரு திருகை

நேயர்களுக்கு வணக்கம். மண்டையோட்டில் தொடங்கி வால் எலும்பு வரை பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாடப்புத்தகம் அச்சுச் சட்டகம் என்று சொல்கிற இந்தப் பகுதியில் மட்டும் 80 எலும்புகள். அத்தனையையும் இன்று தொட முடியாது.

மண்டையோட்டில் 22 எலும்புகள். அவற்றில் தாராளமாக அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கழுத்து. நான் வந்ததே இதைச் சொல்லத்தான். தலையைக் குனிந்து பின்கழுத்தின் அடியில் தடவுங்கள். முண்டாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. நமக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. மேலே முதல் எலும்பு அட்லஸ், வெறும் வளையம். 'ஆமாம்' என்று தலையாட்டும்போது மண்டையோடு அதன்மேல் அசைகிறது. 'இல்லை' என்றால் வேலை இரண்டாவதான ஆக்சிஸுக்கு. பாட்டி வீட்டுத் திருகையில் அடிக்கல்லின் முளையைச் சுற்றி மேல்கல் சுழலுமே, அப்படியே ஆக்சிஸின் முளையைச் சுற்றி அட்லஸ் தலையோடு சேர்ந்து திரும்புகிறது. கழுத்து திரும்புவதில் ஏறத்தாழ பாதி இந்த ஓரிடத்தில்தான்.

இந்த இடத்தைத்தான் சலூனில் 'படக்'கென்று திருப்புகிறார்கள்! முடி வெட்டி முடிந்ததும் தாடையில் ஒரு கை, உச்சியில் ஒரு கை. சத்தம் கேட்டால் நமக்குச் சொர்க்கம். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி செய்கிற வேலை, அவ்வளவுதான். எலும்பு எதுவும் இடம் மாறி உட்காரவில்லை. ஆனால் கழுத்தெலும்புகளின் இருபக்கத் துளைகள் வழியே, ஆறாவதிலிருந்து மேலே, ஒரு ரத்தக்குழாய் ஏறுகிறது. அட்லஸைத் தாண்டியதும் பின்னால் வளைந்து மண்டையோட்டின் அடித்துளையில் நுழைந்து, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் கொடுக்கிறது. வெடுக்கென்று திருப்பினால் அதன் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் கட்டும் ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான். ஆனால் இளவயதுக்காரர்களுக்கும் வருகிறது. கழுத்து வலியோடு தலைசுற்றல், தள்ளாட்டம், நாக்குழறல் என்று வந்தால் தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. முடி திருத்துபவரைக் குறை சொல்லவில்லை, கேட்டு வாங்குவதே நாம்தான். உட்காரும்போதே "கழுத்து வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், உட்காரும்போதே. தலை அவர் கையில் போனபிறகு சொல்ல வாய் வராது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். விலா எலும்பு 12 ஜோடி, கடைசி இரண்டு ஜோடி முன்னால் எதிலும் சேராது. முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்குகள் பகல் முழுக்க அழுந்துவதால் சாயங்காலம் நாம் கொஞ்சம் குள்ளம். வால் எலும்புக்கு நேரமில்லை. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தவர்களுக்கு அது எங்கே இருக்கிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வணக்கம்.