மாலை ஆறு மணிக்கு நூலகம் திறந்திருக்க வேண்டும்

(திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலக வார விழாவில் ஆற்றிய உரை. நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தந்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தமிழாசிரியர் அம்மா அவர்களே, இந்த நூலகத்தின் புரவலர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளை வழங்கிய அரிசி ஆலை உரிமையாளர் மேடைக்கு வர மறுத்துக் கடைசி வரிசையில் நிற்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டு மேலே போவோம். இரண்டு புத்தக அலமாரிகளைத் தந்த வணிகர் சங்கத்தாருக்கும் நன்றி. அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்த இளைஞர்களுக்குத் தனி நன்றி. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. மண்டபம் நிறைந்திருப்பது அதனால்தான்.

'கைபேசியும் பொது நூலகமும்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதை மூன்று பகுதியாகப் பேச நினைத்து வந்தேன். முதலில் அன்றாட வாழ்க்கை, இரண்டாவது நூலகம், மூன்றாவது பிள்ளைகளின் வாசிப்பு.

என் தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. 'கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?' எழுத்தறியாதவர் அவர். ஆனால் இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இந்த நாட்டில் முதல் கைபேசி அழைப்பு பேசப்பட்டது 1995-இல். அன்று பேசியவர் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு. நமக்கு வரும் அழைப்பை எடுத்துப் பேசவும் காசு கொடுத்த காலம் அது. இன்று நம் வயற்காட்டு மனிதர்களைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போடக் கைபேசியில் பதிவு, சிட்டா எடுக்கக் கைபேசி, மின்கட்டணம் கட்டக் கைபேசி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களின் வருகைப் பதிவுகூடக் கைபேசியில் எடுக்கும் புகைப்படமாகிவிட்டது. முன்பு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் மாலைப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் எண்ணைத் தேடுவோம். இன்று ஒரு நொடியில் கைக்குள் வந்து நிற்கிறது. இவ்வளவும் நன்மைதான். கைபேசியை வைது பேசுவதற்கு நான் மேடை ஏறவில்லை.

ஆனால் நெல் பதிவு செய்யத் தெரியாத விவசாயி என்ன செய்கிறார்? தெரிந்தவரைத் தேடிக் கடைத்தெருவுக்கு வருகிறார். கேட்ட காசைக் கொடுக்கிறார். அவர் ஊரில், அவர் தெருவில், அவர் வரிப்பணத்தில் கட்டிய நூலகம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஒன்றியத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். தங்கள் ஊர்க் கோயிலின் தல புராணத்தை அவருடைய தாத்தா அச்சுப் புத்தகமாக வைத்திருந்தார். கறையான் தின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தைத் தேடிப் பெரியவர் கும்பகோணம் போனார், தஞ்சாவூர் போனார், சென்னைக்குப் போன உறவினர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். கிடைக்கவில்லை. தினமும் காலையில் ஊராட்சி நூலகத்துக்கு வந்து நாளிதழ் படித்துவிட்டு இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் அந்த ஊருக்கு மருமகளாக வந்த ஒரு பெண். மதிப்பூதியத்தில் வேலை. ஒருநாள் அவர், "ஐயா, புத்தகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார். தம் கைபேசியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து தேடினார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. "இதுதானா பாருங்கள்" என்று நீட்டினார். அதே அட்டை. அதே பழைய அச்சு. அருமை நண்பர்களே, பெரியவர் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார்! பிறகு கைபேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கம் புரட்ட வேண்டுமே! ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார், திரையில் வைத்துத் தள்ளினார். நகரவில்லை. மறுபடியும் எச்சில் தொட்டார். திரை முழுக்க ஈரம், பக்கம் மட்டும் புரளவில்லை. "அம்மா, தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதே!" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பெரியவர் தனியாக வரவில்லை. தம் வயதுக்காரர் நால்வரை அழைத்து வந்தார். அவர் பாடலை உரக்கப் படிக்க, மற்றவர்கள் பொருள் சொன்னார்கள். ஊர் ஏரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சண்டைகூட நடந்தது. இந்தச் செய்தி பரவி, ஒருவர் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைக் கைபேசியில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டு வந்தார். இன்னொருவர் பட்டாவில் பெயர் பிழை என்று வந்தார். வேலைக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள், பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இலவசமாக இறக்கிப் படிக்கலாம் என்று தெரிந்துகொண்டு வந்தார்கள்.

இவர்களெல்லாம் எப்போது வர முடியும்? நடவுக்குப் போனவர் அந்தி சாயும்போதுதான் திரும்புகிறார். கல்லூரிக்குப் போன பெண் ஆறு மணி பஸ்ஸில்தான் இறங்குகிறாள். நூலகமோ ஐந்து மணிக்குப் பூட்டு. அந்தப் பெண் தாமாகவே மாலை ஆறு மணிக்கு மறுபடி வந்து திறந்தார். அதற்குத் தனி ஊதியம் இல்லை, படி இல்லை. வீட்டில் அடுப்பை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அந்த மாமியாரையும் நான் இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். சில வாரம் நடந்தது. பிறகு, நேரம் கடந்து திறக்க யார் அனுமதி கொடுத்தது, மின்கட்டணம் யார் பொறுப்பு என்று மேலிருந்து கேள்வி வந்தது. மாலைக் கதவு மூடிக்கொண்டது.

கைபேசி வந்ததால் நூலகம் செத்தது என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உழைக்கிறவன் வீடு திரும்பும் நேரத்தில் பூட்டிக் கிடக்கும் நூலகத்துக்கு வாசகன் எப்படி வருவான்? கைபேசி வந்த பிறகு நூலகத்தின் வேலை கூடியிருக்கிறது. அமைதியாக உட்கார ஒரு மேசை, மின்விசிறி, மின்னேற்றம் செய்ய ஒரு இணைப்பு, வைஃபை, பெண்களுக்குக் கழிப்பறை, கேட்டால் சொல்லிக்கொடுக்கப் பொறுமையுள்ள ஒரு மனிதர். இவ்வளவுதான் கேட்கிறோம்.

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் நம் சீர்காழி மண்ணில் 1892-இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பது நூலகங்களுக்காக 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. அதே 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒரு மாட்டு வண்டியை நூலகமாக்கி, சுற்றுக் கிராமங்களுக்குப் புத்தகத்தை அனுப்பினார். மாடு பூட்டிப் புத்தகம் அனுப்பிய மாவட்டத்தில், கட்டிய கட்டடத்தைத் திறந்து வைக்க நம்மால் முடியாதா?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நம்மிடம் வாங்குகிறார்கள். அது நூலகத்துக்கு முழுதாக, காலத்தில் போய்ச் சேர வேண்டும். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் தலையசைக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஊராட்சி நூலகங்களின் கதை வேறு. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய கட்டடங்கள் அவை. நூலகத் துறையின் கீழ் வருவன அல்ல, ஊராட்சியின் பொறுப்பு. ஆகவே அங்கே யாரைக் கேட்பது என்ற குழப்பமே தேவையில்லை. கிராம சபையில் கேட்கலாம். பணம் நம்முடையது, கட்டடம் நம்முடையது, சபையும் நம்முடையது. வெண்ணெய் நம் கையில்தான் இருக்கிறது.

மின்னூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்களும் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களும் சங்க இலக்கியத்தை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் இருப்பது ஒரே இரவில் போய்விடும் என்று கண்ட இனம் நாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இத்தனையும் நம் சட்டைப்பையில் இருக்கின்றன. இருப்பதைச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஒருவர் வேண்டும். அவர் மாலையில் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பிள்ளைகளின் வாசிப்பைப் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பரிசு வாங்கக் குழந்தைகளும் காத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிள்ளையிடமிருந்து கைபேசியைப் பிடுங்குமுன் அதைவிட நல்ல இடம் ஒன்றைக் காட்டுங்கள். மற்றதைப் பள்ளி விழாவில் பேசுகிறேன்.

வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஊராட்சி நூலகத்தைத் திறக்க வேண்டும், அங்கே பணிபுரிபவருக்கு அந்த நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும், வைஃபை இணைப்பு தர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஜனவரி 26 கிராம சபைக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் பத்துப் பேராவது சேர்ந்து போய் இதைத் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை எழுந்து வராதீர்கள். எழுதிய பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வாசகர் வட்டத்துக்கு அனுப்புங்கள். வந்த படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பிப்ரவரியில் மாவட்ட ஆட்சியரைச் சந்திக்கிறோம். வரக்கூடியவர்கள் பெயரை இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கம்.