தையல் ஆறிவிட்டது, உடம்பு தேறியதா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: ‘குடலில் ஒரு பகுதியை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன். தையல் ஆறிவிட்டது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் பாதி ஆள் மாதிரி இருக்கிறது. நான் தேறி வருகிறேனா இல்லையா என்று நானே அளந்து பார்க்க வழி இருக்கிறதா?’

இருக்கிறது. அதற்கு முன்னால், உங்கள் டாக்டர் சொன்னதும் சரி, உங்களுக்குத் தோன்றுவதும் சரி. காயம் ஆறுவது என்கிறோம், உடம்பு தேறுவது என்கிறோம். இரண்டும் ஒன்றில்லை என்பது பேச்சிலேயே இருக்கிறது. அறுவை மருத்துவர்களான நாங்கள் பெரும்பாலும் ஆறியதா என்றுதான் பார்க்கிறோம். எத்தனை நாள் வார்டில் இருந்தார், காய்ச்சல் வந்ததா, சீழ் பிடித்ததா, திரும்ப அட்மிட் ஆனாரா, இவைதான் எங்கள் கணக்கு. கிளேவியன்–டிண்டோ என்று ஒரு முறை உண்டு, 2004-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சிக்கலைச் சரிசெய்ய என்ன சிகிச்சை தேவைப்பட்டது என்பதை வைத்து அதைத் தரம் பிரிக்கும். நல்ல முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன்படி சிக்கலே இல்லாத ஒருவர், குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் எழ முடியாமல் படுத்திருக்கலாம். அந்த அரை மணி நேரத்தை எழுத எங்கள் ஃபைலில் இடம் கிடையாது.

இந்தக் குறை மருத்துவத் துறைக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் பால் மைல்ஸும் அவரது குழுவினரும் 2000-இல், நோயாளியே பதில் சொல்லும்படி 40 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார்கள். உடம்பு முடியாமல் படுத்திருப்பவரிடம் 40 கேள்வி கேட்டால் அதுவே ஒரு தண்டனை இல்லையா? 2013-இல் அதை 15 ஆகச் சுருக்கினார்கள். க்யூ.ஓ.ஆர்–15 என்று பெயர், ‘குவாலிட்டி ஆஃப் ரெகவரி’, அதாவது எவ்வளவு நன்றாகத் தேறியிருக்கிறோம் என்பதன் சுருக்கம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், மொத்தம் 150. மூச்சு எளிதாக விட முடிகிறதா, சாப்பாடு ருசிக்கிறதா, நல்ல தூக்கம் வந்ததா, கழிப்பறை, குளியல் எல்லாம் துணையில்லாமல் முடிகிறதா, வீட்டாரோடும் நண்பர்களோடும் பேச முடிகிறதா, வலி, குமட்டல், கவலை, மனச்சோர்வு எப்படி என்றெல்லாம் கேட்கும். வலி பற்றி இரண்டு கேள்விதான். எத்தனையோ பேர் தேறுவது என்றால் வலி போவது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் ஐந்து வாரம் கழித்து இந்தப் படிவம் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. இது ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களை மனதில் வைத்துச் செய்தது. இப்போது நிரப்பினால் பெரும்பாலான கேள்விகளுக்கு எட்டு, ஒன்பது என்று போட்டுவிடுவீர்கள், ஆனாலும் பாதி ஆளாகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களுக்கென்று ஒரு அளவுகோல் செய்துகொள்ளுங்கள்.

முதலில் வலி. ‘இப்போது எவ்வளவு வலி’ என்று சும்மா படுத்துக்கொண்டு அளக்காதீர்கள், பூஜ்யம்தான் வரும். ஒருக்களித்துப் படுத்து எழும்போது, இருமும்போது, சிரிக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள். வயிற்றுத் தசை வேலை செய்யாமல் இதில் ஒன்றையும் செய்ய முடியாது, உண்மையான வலி அங்கேதான் தெரியும். அப்புறம், வெளியே தோல் மூடிவிட்டதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மூன்றாவது வாரத்தில் காயம்பட்ட இடத்துக்குப் பழைய உறுதியில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் இருக்கும். மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதம் வரும். முழுசாகத் திரும்புவதே இல்லை. கனமான எதையும் தூக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். அவசரப்பட்டால் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

இரண்டாவது அசதி. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான அளவு, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. அசதிக்கு மதிப்பெண் போடுவது கஷ்டம், நேரத்தை வைத்து அளப்பது சுலபம். குளித்த பிறகு எத்தனை நிமிடம் படுக்க வேண்டியிருக்கிறது? ஒரே பாதையில் உட்காராமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது? ஒரு பக்கம் படித்தால் மனதில் நிற்கிறதா? இப்படி மூன்று நான்கு விஷயம் போதும். உங்கள் வாழ்க்கையில் எது இல்லாமல் உங்களால் இருக்க முடியாதோ, அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது பேரக்குழந்தையைத் தூக்குவது, இன்னொருவருக்கு வண்டி ஓட்டுவது. தேறிவிட்டேன் என்று மனிதர்கள் சொல்லும் நாள் பெரும்பாலும் அந்த ஒன்று திரும்ப வந்த நாள்தான்.

வயிறு எப்படி இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதினால் போதும்: பசிக்கிறதா, மலம் ஒழுங்காகப் போகிறதா, சாப்பிட்டதும் உப்புகிறதா. குடலில் ஒரு பகுதி போயிருப்பதால் பழைய ஒழுங்குக்கு வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

இதையெல்லாம் தினமும் எழுதாதீர்கள். நேற்று நன்றாக நடந்தேன், இன்று முடியவில்லை என்று மனம் உடைந்துபோகும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். இந்த வாரத்தையும் இரண்டு வாரம் முன்னால் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு நாள் சரிந்தால் அது கணக்கில்லை.

எதோடு ஒப்பிடுவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பழைய நான்’ என்கிறீர்களே, எந்த நான்? ஆபரேஷனுக்கு முந்தைய மாதமே நோயால் வாடியிருந்திருப்பீர்கள். அதற்கும் முன்னால் என்றால், நினைவு அந்தக் காலத்தைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் காட்டும். கூட இருந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், ‘அப்போது நான் எவ்வளவு தூரம் நடந்துகொண்டிருந்தேன்’ என்று. இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் அளவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். இந்தச் சண்டையே வராது.

சில விஷயங்களுக்கு மட்டும் அளவுகோலும் வேண்டாம், வாரக் கணக்கும் வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ் தாண்டிய காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரென்று கூடுவது, தையல் இடத்தில் சீழ் அல்லது சிவந்து வீங்குவது, விடாத வாந்தி, வாயுவும் மலமும் நின்றுபோவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். ‘களைப்பாகவே இருக்கிறது டாக்டர்’ என்றால், ‘போகப் போகச் சரியாகிவிடும்மா’ என்ற பதில்தான் வரும், நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ‘மூன்றாவது வாரத்தில் குளித்த பிறகு 40 நிமிடம் படுத்தேன், ஆறாவது வாரத்திலும் அதே 40 நிமிடம்’ என்று சொல்லுங்கள். அப்போது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரத்தசோகை இருக்கிறதா, சாப்பாடு போதுமான அளவு இறங்குகிறதா, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிப்பார்.