அம்மா சம்பளம் வந்துடுச்சு

நடுவர் ஐயாவுக்கும், மேடையில இருக்கிறவங்களுக்கும், நாற்காலி கிடைச்சவங்களுக்கும், கிடைக்காம தண்ணி டேங்க் மேல ஏறி உட்கார்ந்திருக்கிற தம்பிங்களுக்கும் வணக்கம். முதல்ல தலைப்பைச் சொல்லிடுறேன், அப்புறம் மறந்துடுவேன். "வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்த தாய் மறைந்த பிறகு நம் நெஞ்சில் நிற்பது அடுப்படியா, வேலையிடமா?" நான் வேலையிடம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் பத்து நிமிஷம் பேசினார். அதுல எட்டு நிமிஷம் மீன் குழம்பு. வஞ்சிரத்துல ஆரம்பிச்சு, சங்கராவுக்கு வந்து, நெத்திலிக்குப் போயி, மறுபடியும் வஞ்சிரத்துக்கே வந்துட்டார். காசிமேட்டுல ஏலமே இதைவிடச் சீக்கிரம் முடியும். மிச்சம் ரெண்டு நிமிஷம் என்னைப் பிடிச்சுக்கிட்டார். என்ன சொன்னார்? "இந்தத் தங்கச்சியோட அம்மா நர்ஸு. அவங்க ரசம் வச்சா பெருங்காயம் மணக்காது, டெட்டால்தான் மணக்கும். அதான் பாவம், அடுப்படி ஞாபகத்துல நிக்கல." நீங்களும் கை தட்டினீங்க. யார் யார் தட்டினீங்கன்னு நான் பார்த்து வச்சிருக்கேன்.

நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிட்டு வந்தேன். அதை மடிச்சு பைக்குள்ள வச்சுட்டேன். இப்ப டெட்டால் கணக்கை முடிப்போம்.

அண்ணே, நீங்க எந்த ஊரு? ராயபுரம். எங்க பொறந்தீங்க? சொல்ல மாட்டார், நானே சொல்றேன். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. 1880ல ஆரம்பிச்சது. இந்தக் கூட்டத்துல அங்க பொறந்தவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க. பாருங்க, பாதிக் கூட்டம். டேங்க் மேல இருக்கிற தம்பிங்களா, ரெண்டு கையையும் தூக்காதீங்க, விழுந்துடுவீங்க. அண்ணனும் தூக்கிட்டார்! சரிண்ணே, நீங்க பூமிக்கு வந்ததும் உங்க மூக்குக்குள்ள முதல்ல போன வாசனை என்ன? உங்க அம்மா வச்ச வஞ்சிரம் குழம்பா? அந்த நேரத்துல உங்க அம்மா மயக்கத்துல இருந்தாங்க. டெட்டால் போட்டுக் கழுவின ஒரு நர்ஸம்மா கைதான் உங்களை வாங்குச்சு. காலைப் பிடிச்சு, தலைகீழாத் தூக்கி, அழுவலையேன்னு முதுகுல ரெண்டு தட்டு தட்டி அழ வச்சாங்க. அன்னைக்கு அவங்க உங்களை அழ வச்சதுக்கு, இன்னைக்கு எங்களைப் பத்து நிமிஷம் அழ வச்சுட்டீங்க. கணக்கு சரியாப் போச்சு.

அப்புறம் அண்ணன் இன்னொண்ணு போட்டார். நம்ம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியே கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதானே, கஞ்சி ஊத்தின இடம்தானே, அப்போ ஆஸ்பத்திரிக்கே அம்மா அடுப்புதானேன்னார். வாஸ்தவம். 1782 பஞ்சத்துல அங்க கஞ்சி ஊத்தினாங்க, மணியக்காரர் சத்திரம். ஆனா 1938ல அது மெடிக்கல் காலேஜ் ஆயிடுச்சுண்ணே. காலையில ஆறு மணிக்கு ஓ.பி. சீட்டுக்கு வரிசையில நிக்கிறவங்க கஞ்சிக்கா நிக்கிறாங்க?

எங்கம்மா ரசம் நிஜமாவே சுமார்தான். வீட்டுல நல்ல ரசம் வைக்கிறது எங்கப்பா. அம்மாவுக்கு நைட் டூட்டி வர்ற வாரமெல்லாம் அவர்தான் அடுப்படி. இந்த அணி பிரிக்கும்போது அதை யாரும் யோசிக்கல. அடுப்படின்னா அம்மா, அம்மான்னா அடுப்படின்னு எழுதிட்டாங்க. என்னைப் பெத்தப்ப அம்மாவுக்கு அரசாங்கம் கொடுத்த பிரசவ லீவு 90 நாள். 2011ல அது 6 மாசம் ஆச்சு, 2016ல 9 மாசம், 2021ல 12 மாசம். எங்கம்மா காலத்துல 90 நாளுதான். அது முடிஞ்ச மறுநாள் என்னை எங்க ஆயா மடியில போட்டுட்டு, அடுத்தவங்க பிள்ளைங்களை வாங்கப் போயிட்டாங்க. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்க. நான் வளர்ந்திருக்கேன், பாருங்க. அளவுக்கு அதிகமாவே வளர்ந்திருக்கேன்.

இது 1918ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்ச மண்ணு. இங்க ஒரு வீட்டை அடையாளம் சொல்றதே தொழிலை வச்சுத்தான். பின்னி மில்காரர் வீடு, ஹார்பர்காரர் வீடு, நர்ஸம்மா வீடு. எங்கம்மா போயி வருஷமாச்சு, இன்னும் பார்சல் கொண்டு வர்ற பையனுக்கு நாங்க போன்ல சொல்றது "நர்ஸம்மா வீடு எதுன்னு கேளு தம்பி"ன்னுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்க. செவிலியர், ஓய்வு. ஆசிரியை, ஓய்வு. "சாம்பார் நல்லா வைப்பார்"னு எந்தச் சுவத்துலயாவது ஒட்டியிருக்கா? அம்மா போன அன்னைக்கு ராத்திரி, நம்ம ஏரியா வழக்கப்படி கானா பாட ரெண்டு தம்பிங்க வந்தாங்க. "அம்மாவைப் பத்தி நாலு விஷயம் சொல்லுங்கக்கா, வச்சுப் பாடுறோம்"னாங்க. நான் யோசிச்சு, யோசிச்சு, "நல்லா பார்த்துக்கிட்டாங்க"ன்னேன். அந்தத் தம்பி, "எல்லா அம்மாவும் பார்த்துக்குவாங்கக்கா, வேற சொல்லுங்க"ன்னான். பின்னாடி இருந்து எங்க தெரு கத்துது: "2020ல கொரோனா வந்தப்ப, சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்துலதான் ஜாஸ்தின்னு எவனும் இந்தப் பக்கம் வரல, ரிட்டையர் ஆன இந்தம்மா வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தர் விரல்லயும் ஆக்சிஜன் மிஷின் மாட்டிப் பார்த்துச்சே, அதைப் பாடு!" பாடினாங்க. விடிய விடியப் பாடினாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இதுக்காகத்தான் ஒத்துக்கிட்டு மேடைக்கே வந்தேன்.

அம்மா போனதுக்கப்புறம் குடும்ப ஓய்வூதியம் எங்கப்பாவுக்கு வருது. புருஷன் போனா பொண்டாட்டிக்கு வரும்னுதான் நமக்குத் தெரியும். பொண்டாட்டி போனா புருஷனுக்கும் உண்டு, ஆண்கள் குறிச்சுக்குங்க. ஆனா சும்மா வராது. வருஷத்துக்கு ஒரு தடவை உசுரோட இருக்கோம்னு காட்டணும், நேர்காணல். அதோட ஒரு காகிதம். "மறுமணம் செய்துகொள்ளவில்லை"ன்னு கையெழுத்துப் போடணும். எங்கப்பாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. காதுல மிஷின். அந்த மிஷினை வீட்டுல வச்சுட்டு வந்துட்டார்.

கிளம்புறதே பொண்ணு பார்க்கக் கிளம்புற மாதிரி. சலவை வேட்டி, நெத்தி நிறைய விபூதி, பவுடர். கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. நல்ல பொண்ணு. "தாத்தா, மறுமணம் பண்ணிக்கிட்டீங்களா?" அப்பா, "ஆங்?" "மறுமணம் தாத்தா, மறுமணம்!" அப்பா, "ஆச்சும்மா, வர்ற வழியிலேயே இட்லி சாப்பிட்டேன்." அந்தப் பொண்ணு எழுந்து நின்னு, ஆபீஸுக்கே கேக்குற மாதிரி, "ரெண்டாவது கல்யாணம்!" அப்பா, "யாருக்கு?" "உங்களுக்கு!" அப்பா அப்படியே திரும்பி என்னைப் பார்க்கிறார். "எப்போ? என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல?"

நடுவர் ஐயா கண்ணாடியைக் கழட்டிச் சிரிக்கிறாங்க, அதனால மிச்சத்தையும் சொல்லிடுறேன். எங்களுக்குப் பின்னாடி வரிசையில இன்னொரு தாத்தா. அவரும் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர். இதையெல்லாம் கேட்டுட்டு மெதுவா முன்னாடி வந்து, கவுண்டர்ல எட்டிப் பார்த்து, "ஏம்மா, இங்க அந்த ஏற்பாடும் உண்டா?" வரிசை மொத்தமும் சிரிக்குது. பென்ஷன் வாங்க வந்தவங்க, நடக்க முடியாம வந்தவங்க, எல்லாரும். எங்கப்பாவுக்கு மட்டும் காது கேக்கல. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு அவரும் சிரிக்கிறார். அப்புறம் நான் காதுகிட்டப் போயி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திட்டு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னார்: "இல்லம்மா. இந்த வருஷம் யாரும் கேக்கல."

அடுத்த வருஷம் போனோம். மிஷின் காதுல இருந்துச்சு. இப்ப விவரமாயிட்டார். அந்தப் பொண்ணு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே காகிதத்தை நீட்டி, "இந்த வருஷமும் அமையலம்மா." அந்தப் பொண்ணு சீலை வச்சுக்கிட்டே, "அடுத்த வருஷம் பார்க்கலாம் தாத்தா." இப்படி ஒரு சந்தோஷம் எங்கப்பாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. இதை எந்த அடுப்படி கொடுத்துச்சு? எங்கம்மா சர்வீஸ் கொடுத்துச்சு.

மாசம் பொறந்ததும் பேங்க்ல இருந்து மெசேஜ் வரும். அப்பா அதைப் படிச்சுட்டுக் கூடத்துல நின்னு சத்தமாச் சொல்லுவார். "அம்மா சம்பளம் வந்துடுச்சு." பென்ஷன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் காலத்துல ஒண்ணாந்தேதி சொன்ன அதே வார்த்தை. என் பொண்ணு காலேஜ் பீஸ் அதுலதான் போகுது. ரசீதுல என் பேர் இருக்கும். அவ பிரெண்டுங்ககிட்டச் சொல்றது, "எங்க பாட்டி கட்டுறாங்க."

அண்ணே, உங்க அம்மா வச்ச குழம்பு அவங்களோட போயிடுச்சு. நீங்களே சொன்னீங்க, அந்த ருசி திரும்ப வரலன்னு. சொல்லும்போது உங்க குரல் உடைஞ்சுச்சு, நான் கவனிச்சேன். எங்கம்மா சமைச்சதும் போயிடுச்சு. அவங்க உழைச்சது மட்டும் இன்னும் மாசா மாசம் எங்க வீட்டு வாசல் ஏறி வருது.

இதோட நிறுத்திட்டா என் அணிக்கு நல்லது. தலைவர் அக்கா கண்ணைக் காட்டுறாங்க, போதும் உட்காருன்னு. ஒண்ணே ஒண்ணுக்கா.

நைட் டூட்டி முடிஞ்சு அம்மா காலையில வந்ததும் என்னைத் தொட மாட்டாங்க. குளிச்சுட்டுத்தான் தொடுவாங்க. நான் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, ரிப்பனைக் கையில வச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல்ல நிப்பேன். ஈரத்தலையோட வந்து உட்கார்ந்து எனக்கு ரெட்டை ஜடை போடுவாங்க. ஒரு ஜடை முடியும். ரெண்டாவது பாதியில கை நின்னுடும். திரும்பிப் பார்க்க முடியாது, முடி அவங்க விரல்ல இருக்கு. உட்கார்ந்தபடியே தூங்கிட்டாங்க. நான் அசைய மாட்டேன். அசைஞ்சா முழிச்சுடுவாங்க. எதிர் வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவும். பெல் அடிக்கும், எங்க வீட்டுக்குக் கேக்கும். நான் அப்படியே இருப்பேன். முழிச்சதும் தலையில ஒரு கொட்டு. "எழுப்புறதுக்கு இன்னாடி உனக்கு?" அன்னைக்கு லேட்டாப் போயி வெளிய நிப்பேன். ஒரு ஜடை இறுக்கமா இருக்கும், ஒண்ணு அவசரத்துல போட்டது, மத்தியானத்துக்குள்ள அவுந்துடும்.

எங்கம்மாவுக்கு யாரு லீவு கொடுத்தா? அந்தப் பாதி ஜடைக்கு நடுவுல அவங்களே எடுத்துக்கிட்டதுதான். நான் எழுப்பாம கொடுத்த லீவு அது.

இது அடுப்படிக் கணக்குல வருமா, வேலையிடத்துக் கணக்குல வருமான்னு எனக்குத் தெரியல ஐயா. எதிரணி எடுத்துக்குறதா இருந்தா எடுத்துக்குங்க. திருவிழாவுல ஆறு நாள் சாமி கும்பிட்டு, ஏழாவது நாள் இந்தப் பட்டிமன்ற மேடைக்கு ஒத்துக்கிட்டது ஜெயிக்கிறதுக்கு இல்ல. சாவு வீட்டுல வந்தவங்களுக்கு டீ கொடுக்கிறதுலயே பொழுது போச்சு, எங்கம்மாவைப் பத்தி உருப்படியா ஒரு வார்த்தை நான் பேசல. மைக் முன்னாடி, இத்தனை பேர் கேக்கப் பேசணும்னு இருந்துச்சு, பேசிட்டேன். மணி அடிச்சுக்குங்க ஐயா. வணக்கம்.