‘கேஸ்’னு மட்டும் சொல்லாதீங்க! ஆபத்தை மறைக்கிற நம்ம ஊரு வார்த்தைங்க | தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கட்டாயம் பாருங்க

[இசை வேணாம். நேரா முகத்துல ஆரம்பம்.]

ராத்திரி சாப்ட்டு முடிச்சு கொஞ்ச நேரம் ஆவுது, நெஞ்சுக்கு நடுவுல பாரமா அழுத்துது, இடது தோள்ல ஒரு கடுப்பு, சட்டை நனையுற அளவுக்கு வேர்வை. வீட்ல என்ன சொல்லுவாங்க? “கேஸுப்பா அது, ஒரு சோடா வாங்கி குடி, ஏப்பம் வந்தா சரியாப்போவும்.” அந்த ஒரு வார்த்தைல மூணு மணி நேரம் போயிடுது மக்களே. மாரடைப்புல அந்த மூணு மணி நேரம்தான் இதயத் தசை செத்துட்டு இருக்குற நேரம்.

வணக்கம் மக்களே! இன்னைக்கு வீடியோ நோவு, நொடி, விஷம், கெடுதல் இதுக்கெல்லாம் நம்ம பக்கம் என்னென்ன வார்த்தை சொல்றோம், அதுல எது நம்மள காப்பாத்துது, எது நம்மள ஏமாத்துதுன்னு பாக்கப்போறோம். கடைசில தண்ணி பத்தி ஒரு விஷயம் இருக்கு, பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கம் இருக்குறவங்க அதை மட்டுமாவது பாத்துட்டு போங்க.

[திரையில: தர்மபுரி, கிருஷ்ணகிரி வரைபடம்]

பின்னணி சுருக்கமா. 1965ல சேலத்துல இருந்து தர்மபுரி பிரிஞ்சுது, 2004ல தர்மபுரில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து பேசுற ஊரு. நம்ம பெரியவங்க “கால் வலிக்குது”ன்னு சொல்லமாட்டாங்க, “கால் நோவுது”ம்பாங்க. ஓசூர் தாண்டி கன்னடத்துலயும் வலிக்கு நோவுதான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

டாக்டர் முன்னாடி உக்காந்ததும் நாம சொல்ற முதல் வார்த்தை “ஒடம்பு முடியல டாக்டர்”. அதை வெச்சு அவரு என்ன பண்ணுவாரு சொல்லுங்க? ஆனா அதே ஆளு வீட்ல பேசும்போது கேளுங்க, அடேங்கப்பா! முட்டி கடுக்குது, இடுப்பு புடிச்சுக்கிச்சு, காது குடையுது, வயிறு பிசையுது, தலை விண்விண்ணுன்னு தெறிக்குது, பாதம் திகுதிகுன்னு எரியுது, கை மரத்துப்போச்சு, நெஞ்சு சுருக்குன்னு குத்துது, கெண்டைக்கால் இழுக்குது, கண்ணு உறுத்துது. இது எல்லாமே வேற வேற வலி! எனக்கு இந்த பட்டியலை சொல்ல சொல்ல அவ்ளோ சந்தோஷமா இருக்கு, ஏன்னா கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல ரொனால்ட் மெல்சாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1975ல வலிய அளக்குறதுக்கு ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாரு, அதுல 20 குழுவா பிரிச்சு 78 வார்த்தை, நோயாளி எந்த வார்த்தைய தொடுறாருன்னு பாத்து வலி எந்த மாதிரின்னு புரிஞ்சுக்கலாம். அவங்க ஆராய்ச்சி பண்ணி சேத்த மாதிரியான வார்த்தைங்கள நம்ம ஆயா திண்ணைல உக்காந்தே சொல்லிட்டு இருக்காங்க.

சும்மா பெருமைக்கு சொல்லல. பாதம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு, மரத்துப்போவுதுன்னு சொன்னா டாக்டர் நரம்பை யோசிப்பாரு, சுகர் பாப்பாரு. நெஞ்சு “அழுத்துது, பாரமா இருக்கு, இறுக்குது”ன்னு சொன்னா உடனே ஈசிஜி எடுப்பாங்க. அதனால “கேஸ்”னு நீங்களே முடிவு பண்ணி அதை வார்த்தையா கொண்டு போகாதீங்க, உள்ள என்ன பண்ணுதோ அதை மட்டும் சொல்லுங்க. இன்னொன்னு, சுகர் இருக்குறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் பல நேரம் நெஞ்சு வலியே இல்லாம வெறும் மூச்சு வாங்கல், வேர்வை, அசதி, வாந்தியா கூட மாரடைப்பு வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை குடுக்குறதுக்கு ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023லயே வந்தாச்சு. 108க்கு போன் பண்ணுங்க, சோடா கடைக்கு போவாதீங்க.

அடுத்தது “பூச்சி கடிச்சிருச்சு”.

[திரையில: கட்டுவிரியன் படம், கொஞ்ச நேரம் மட்டும்]

ராத்திரில பாம்பு பேரை சொல்லக்கூடாதுன்னு பூச்சின்னு சொல்றது நம்ம பழக்கம், அந்த பயபக்தி எனக்கு புரியுது. ஆனா ஆஸ்பத்திரில போய் “பூச்சி கடி”ன்னா எறும்பு, குளவி, பூரான் எதை வேணா நினைக்கலாம். அதுலயும் கட்டுவிரியன் கடிச்சா பல சமயம் வலியே இருக்காது, வீக்கம் இருக்காது, தரைல படுத்து தூங்குறவங்களுக்கு கடிச்சதே தெரியாது. விடியக்காலைல வயித்து வலி, தொண்டை அடைக்கிது, கண்ணு இமை தூக்க முடியல, அப்புறம் மூச்சு விடவே முடியாம போயிடும். அதனால “பாம்பா இருக்கலாம்”னு வாயத் தொறந்து சொல்லிடுங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்து ஒரே மருந்துதான், அதனால பாம்பை அடிச்சு கவர்ல போட்டு எடுத்துட்டு போற வேலையெல்லாம் வேணாம், கைய கால அசைக்காம கூட்டிட்டு போங்க, கட்டுறது கீறுறது வேணாம்.

இப்ப என்னை ரொம்ப நாளா உறுத்துற வார்த்தை. மருந்து.

காய்ச்சலுக்கு குடிக்கிறதும் மருந்து, தக்காளி செடிக்கு அடிக்கிறதும் மருந்து! “காட்டுக்கு மருந்து அடிக்க போயிருக்காரு”ம்போம், யாருக்கும் அது விஷம்னு தோணாது. பூச்சிய கொல்றதுக்குன்னே செஞ்ச ஒரு பொருளுக்கு உசுர காப்பாத்துற பொருளோட பேரை வெச்சிருக்கோம். பாலக்கோடு பக்கம் தக்காளி, ஓசூர் பக்கம் பசுமைக்குடில் ரோஜா, கிருஷ்ணகிரி மாந்தோப்பு, எங்க பாத்தாலும் டேங்க் மாட்டிக்கிட்டு முகத்துல ஒரு துண்டு மட்டும் கட்டிக்கிட்டு அடிக்கிறாங்க. மிச்சத்தை குளிர்பான பாட்டில்ல ஊத்தி ஜன்னல் மேல வெக்கிறாங்க, தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, கொழந்தைங்களுக்கு அது ஜூஸ்தான்.

டப்பால ஒரு சாய்ஞ்ச சதுரம் இருக்கும், கீழ் பாதில கலர் இருக்கும் பாருங்க. சிவப்புன்னா ரொம்ப கொடிய விஷம், மண்டை ஓடு போட்டிருக்கும். அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசி பச்சை. பச்சைன்னாலும் குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல, விஷம் கம்மின்னு அர்த்தம். அடிச்சுட்டு வந்தவருக்கு வாய்ல எச்சில் ஊறுது, வேர்த்து கொட்டுது, கண்ணு மங்குது, “கெறக்கமா இருக்கு, வெயில் தாக்கிடுச்சு”ன்னு படுக்க வெச்சிடுறாங்க. பல பூச்சிக்கொல்லி நரம்பைத் தாக்குறப்ப தெரியுற அறிகுறியே அதுதான். அந்த டப்பாவை கையோட எடுத்துட்டு போங்க, பேரை பாத்ததும் டாக்டருக்கு விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசி போடணுமான்னு தெரிஞ்சிடும். நீங்களா வாந்தி எடுக்க வெக்காதீங்க.

அம்மை போட்டா “அம்மா வந்திருக்கா”ன்னு சொல்றதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல, வேப்பிலையும் கட்டுங்க, டாக்டரையும் பாருங்க.

[திரையில: கைப்பம்பு, குடம்]

இப்ப தண்ணி. நாம தண்ணிய ரெண்டா பிரிப்போம், உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. வாய்ல வெச்சா கரிச்சா உப்பு, கரிக்கலன்னா நல்லது. நாக்கு சொல்றதுதான் தீர்ப்பு. ஆனா நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பல வருஷமா ஜனங்களை வதைச்ச ஃப்ளோரைடுக்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது, கலர் கிடையாது! தித்திப்பா இருக்குற “நல்ல தண்ணி” போர்ல அது அதிகமா இருக்கலாம், கரிக்குற கெணத்துல அது கம்மியாவும் இருக்கலாம்.

எங்க இருந்து வருதுன்னா, நம்ம காலுக்கு அடியில இருக்குற பாறைல இருந்தேதான். கடினமான பழைய பாறை, அதுல ஃப்ளோரைடு இருக்குற கனிமங்க இருக்கு, நிலத்தடி தண்ணி அதுல ரொம்ப நாள் தேங்கி நிக்கும்போது கரைஞ்சு வந்துடுது. போரை ஆழமா போட ஆரம்பிச்ச பிறகு பல ஊர்ல பிரச்சனை கூடுச்சு. யாரோ ஒரு கம்பெனி வந்து கலந்ததில்ல, அதான் யாரு மேலயும் கோவப்படக்கூட முடியல.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்திய தரம் சொல்லுது, வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும். அதுக்கு மேல வருஷக்கணக்கா குடிச்சா, பல்லு உருவாகுற சின்ன வயசுல குடிச்ச கொழந்தைக்கு பல்லுல வெள்ளைத் திட்டு, அப்புறம் காவி. இங்கதான் எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமாவுது. “காவிப்பல்லு”ன்னு கிண்டல் பண்ணுவாங்க, “ஒழுங்கா பல்லு வெளக்கல”ன்னு திட்டுவாங்க. அந்த கறை மேல படிஞ்சதில்ல, பல்லு உருவாகும்போதே எனாமல்ல ஆனது, எத்தனை தடவ தேச்சாலும் போவாது. அந்த புள்ளைங்க வாயைப் பொத்திட்டு சிரிக்குதுங்க. அந்த புள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல, தயவு செஞ்சு அந்த வார்த்தைய விட்ருங்க.

பெரியவங்களுக்கு அது எலும்புல போய் சேருது. முட்டி கடுக்குது, முதுகு விறைச்சுக்கிச்சு, குனிய முடியல, கழுத்து திரும்ப மாட்டேங்குது. நாம அதுக்கு “வாதம்”னு ஒரு பேரு, “வயசாச்சு”ன்னு இன்னொரு பேரு வெச்சு முடிச்சிடுவோம். அப்போ சென்னை மாகாணத்துல இருந்த நெல்லூர் பக்கம் ஃப்ளோரைடால வர்ற இந்த ‘ஃப்ளோரோசிஸ்’ நோயை 1937லயே டாக்டருங்க பதிவு பண்ணிட்டாங்க, எவ்ளோ பழைய கதை பாருங்க!

கொதிக்க வெச்சா போயிடும்னு நினைக்கிறவங்க கவனிங்க. போவாது! கொதிச்சு தண்ணி ஆவியாவ ஆவியாவ மிச்சத்துல ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும். வெள்ளைத் துணில வடிகட்டினாலும் போவாது. ஆர்ஓ மெஷின்ல கொறையும். இதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்துச்சு, 2013ல தொடங்கி வெச்சாங்க, திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புன்னு இருக்கு. காவிரித் தண்ணி ஆத்துல ஓடுற தண்ணி, பாறை இடுக்குல வருஷக்கணக்கா தேங்கினது இல்ல, அதான் வித்தியாசம். சிலர் “ஒகேனக்கல் தண்ணி ருசியா இல்ல, போர் தண்ணிதான் நல்லா இருக்கு”ன்னு குழாய்த் தண்ணிய மாட்டுக்கு ஊத்திட்டு போர் தண்ணிய குடிக்கிறாங்க. சமையலுக்கும் குடிக்கவும் குழாய்த் தண்ணி, துவைக்க போர் தண்ணி, அப்படி மாத்திக்கோங்க.

உங்க போர் தண்ணில எவ்ளோ இருக்குன்னு தெரியணும்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல பாக்கலாம், ஒரு சுத்தமான பாட்டில்ல தண்ணி பிடிச்சு, எந்த ஊரு எந்த போருன்னு எழுதி குடுங்க.

உங்க ஊர்ல ஒடம்பு முடியலன்னா என்ன வார்த்தை சொல்லுவாங்க, அரூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருக்குறவங்க கட்டாயம் கமெண்ட்ல எழுதுங்க, தெலுங்கு கன்னட வார்த்தையும் எழுதுங்க, எல்லாத்தையும் சேத்து டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டி அடுத்த வீடியோ போடுறேன். இந்த வீடியோவ உங்க ஊரு வாட்ஸ்ஆப் குரூப்ல போடுங்க, முக்கியமா தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவங்க இருக்குற குரூப்ல.